அசல் ஒன்று, படி மூன்று

திருத்தணி மலைக்கு முன்னூற்று அறுபத்தைந்து படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி. ஏறுகிறவனுக்கு மூச்சு வாங்கும். அதற்கு மேல் முருகன் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தேசப்பனிடம் மட்டும் சர்க்கார் இன்னும் மூன்று படி கேட்டது. அந்த மூன்று படியைத் தாண்டுவதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

தேசப்பன் ஊர் டெண்டுக் கொட்டகையில் படம் ஓட்டுகிறவன். படிப்பு மூன்றாம் வகுப்போடு அவனைக் கைகழுவிவிட்டது. ஆனால் ஒரே படத்தை நாற்பது தரம் ஓட்டினால் கதை மறந்துபோய் மற்றதெல்லாம் தெரிய ஆரம்பிக்கும். கதாநாயகி அழும்போது வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது, ராஜா குதிரை ஏறும்போது எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டினார்கள், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. பிலிம் அறுந்தால் கத்தரித்து ஒட்டுவான்; ஒட்டின இடம் பார்க்கிறவனுக்குத் தெரியாது.

அவனிடம் ஒரு காமிரா வந்து சேர்ந்தது யுத்தத்தால்தான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது, ஜெகநாதன் என்ற காமிராக்காரர் மூட்டை முடிச்சோடு திருத்தணிக்கு ஓடி வந்தார். குண்டு விழவில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனார். கையால் சுற்றுகிற பழைய காமிரா ஒன்றை மட்டும் "எறும்பு ஏறாம பாத்துக்கோப்பா" என்று தேசப்பனிடம் விட்டுவிட்டுப் போனார். தேசப்பன் அதை மூன்று தரம் கழற்றி மூன்று தரம் மாட்டினான். முதல் தரம் நான்கு திருகாணி மிஞ்சியது, இரண்டாம் தரம் ஒன்று. மூன்றாம் தரம் ஒன்றும் மிஞ்சவில்லை. அதுதான் அவன் வாங்கிய பட்டம்.

அவன் பெண்சாதி மணியம்மை பள்ளிப்பட்டு நெசவுக்காரர் வீட்டுப் பெண், அவனுக்கு முறைப்பெண். சின்ன வயசுக் காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போனது. கல்யாணமாகி எட்டு வருஷம், வாசலில் நின்றால் மலை தெரியும். ஒரு தரம்கூட ஏறியதில்லை. டோலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போகிறேன் என்று தேசப்பன் கெஞ்சிப் பார்த்தான்.

"நாலு பேரு தோள்மேல ஒரு நாளு போவத்தான் போறேன் பாவா. அன்னிக்குப் பாத்துக்கலாம்," என்றாள் அவள்.

"அப்படின்னா மலையை நான் இங்க கொண்டாந்து காட்டறேன், பாரு."

வீறாப்பாகச் சொல்லிவிட்டான். மார்கழியில், இங்கிலீஷ் வருஷம் முடிகிற நாளன்று, படித்திருவிழா. வருஷப் பிறப்புக்கு எலுமிச்சம்பழத்தோடு போய்த் துரைமாருக்குப் போடுகிற கும்பிடை முதலில் முருகனுக்குப் போடுவோம் என்று ஆரம்பித்த திருவிழா அது. ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு பாட்டுப் பாடி, பிறகுதான் அடுத்த படி. அதைக் கீழிருந்து மேல்வரை படம் பிடித்து மணியம்மைக்குக் காட்டிவிட வேண்டும். ஆனால் தை பிறந்ததும் காமிராவை எடுத்துக்கொள்ள வருவதாக ஜெகநாதன் காகிதம் போட்டுவிட்டார். ஆக நாற்பத்துநாலாம் வருஷத்துத் திருவிழா ஒன்றுதான் கையில் இருந்தது. காமிரா இருந்தது, மலை இருந்தது, பிலிம் இல்லை.

அரிசி, மண்ணெண்ணெய், காகிதம் எல்லாம் யுத்தத்துக்குப் போன மாதிரி பிலிமும் போய்விட்டிருந்தது. மிச்சத்தைப் பங்கிட்டுக் கொடுக்கப் பட்டணத்தில் 'சலனப்படக் கச்சாப் பொருள் பங்கீட்டு ஆலோசனை போர்டு' என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் நூறு அடி பிலிம் ஓடிவிடும். தேசப்பன் ஆடி மாதத்தில் ரயிலேறிப் போய் அங்கே விண்ணப்பத் தாள் வாங்கிவந்தான்.

தாளின் அடியில் இப்படி இருந்தது: 'அசல் ஒன்றும் படி மூன்றும் தாக்கல் செய்க.'

நகல் என்று போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் போர்டுக்குத் தமிழ் எழுதிக்கொடுத்த பண்டிதருக்கு நகல் என்ற சொல் வடக்கேயிருந்து வந்தது என்று கோபம். அதைத் துரத்திவிட்டு, படி என்று நல்ல தமிழ்ச் சொல்லைக் குடிவைத்திருந்தார். பண்டிதருக்குப் படி என்றால் பிரதி. திருத்தணிக்காரனுக்குப் படி என்றால் இரண்டுதான்: ஒன்று காலால் ஏறுவது, இன்னொன்று அரிசி அளப்பது. ஏறுகிற படியை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

"மூணு படியா? பச்சரிசியா புழுங்கலரிசியான்னு கேட்டியா பாவா?" என்றாள் மணியம்மை.

"போடலியேமே."

"பட்டணம் படியா, நம்ம ஊர்ப் படியா?"

"அதுவும் போடல."

"இன்னா ஆபீசோ! தலை தட்டி அளக்காதே, கூம்பாவே அள. சோல்ஜருங்களுக்கா இருக்கும், பாவம்."

அரிசிக்குப் பறந்த காலம் அது. இரண்டு வாரத்துச் சோற்றைக் கஞ்சியாக்கி, மூன்று படி புழுங்கலரிசியைத் தலையணை உறைக்குள் கட்டிக்கொண்டு தேசப்பன் மறுபடி ரயிலேறினான்.

போர்டு குமாஸ்தா பஞ்சாட்சரம் விண்ணப்பத்தை வாங்கினார். "படி மூன்று எங்கே?" என்றார் தலை நிமிராமல். தேசப்பன் தலையணையை மேஜைமேல் வைத்தான். பஞ்சாட்சரம் முடிச்சை அவிழ்த்தார். பத்து அரிசியை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். கல் இல்லை. பங்கீட்டுக் கடையில் கல்லோடு பாதி உமியும் வாங்கித் தின்கிற மனுஷர். அவர் கண் கலங்கிவிட்டது.

"இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. விதியை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட விண்ணப்பதாரரை இன்றுதான் பார்க்கிறேன்," என்று சொல்லிப் பதிவேட்டில் 'படி மூன்று பெறப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

புரட்டாசியில் போர்டு கூடியது. விண்ணப்பம் இருந்தது, பிரதிகளைக் காணோம். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பெறப்பட்டது என்று இருந்தது. "படிகளை என்ன செய்தீர்?" என்று கேட்டதற்குப் பஞ்சாட்சரம், "அவ்வப்போது பைசல் செய்துவிட்டேன், ஸார்," என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பதிவேடு பொய் சொல்லாது என்று போர்டு தீர்மானித்தது. ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க, 'முத்திரையிட்ட உண்மைப் படி ஒன்றுடன் நேரில் ஆஜராகவும்' என்று தேசப்பனுக்குக் காகிதம் போனது.

தேசப்பன் அதைப் படித்துவிட்டு ஆபீசை மெச்சிக்கொண்டான். சர்க்கார் என்றால் சும்மாவா? அளவு சரியா என்று பார்க்கிறார்கள். மளிகைக்கடை சின்னசாமியின் காலில் விழுந்து, அளவு இன்ஸ்பெக்டர் முத்திரை குத்திய இரும்புப் படியை இரவல் வாங்கிக்கொண்டு போய், போர்டின் நீள மேஜைக்கு நடுவில் ணங்கென்று வைத்தான்.

அங்கே ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். இது எதற்கு என்று கேட்டால் தனக்கு ஒரு விதி தெரியாமல் போனது வெளியாகிவிடும் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். தலைவர் ராவ் பகதூர் பரந்தாமன் நிதானமாகத் தன் பென்சிலை எடுத்து அந்தப் படிக்குள் போட்டார். மற்ற நால்வரும் தங்கள் பென்சிலைப் போட்டார்கள். அந்த விஷயம் அத்தோடு முடிந்தது. சின்னசாமியின் படியும் அத்தோடு போனது.

"மிஸ்டர் தேசப்பன்," என்று தொடங்கினார் ராவ் பகதூர், "நான் இதுவரை ஒரு சினிமாவும் பார்த்ததில்லை. பார்த்தால் பாரபட்சம் வந்துவிடும். முப்பது வருஷம் உப்பு இலாகாவில் இருந்தேன்; வீட்டில் உப்பில்லாப் பத்தியம். அந்த நேர்மைக்காகத்தான் சர்க்கார் என்னை இங்கே உட்காரவைத்திருக்கிறார்கள். சொல்லும், முன்பு எத்தனை படம் எடுத்திருக்கிறீர்?"

"ஒண்ணும் இல்லீங்க. இதான் மொதல்."

"விதி ஏழின்படி முன்பு படம் எடுத்தவர்களுக்கு மட்டுமே பிலிம்."

"அவங்க மொதப் படத்தை எப்படிங்க எடுத்தாங்க?"

"அப்போது போர்டு இல்லை. அதனால் எடுத்துவிட்டார்கள். இனி அப்படிப்பட்ட முறைகேடு நடக்காது. போகட்டும், யாரிடம் பயின்றீர்?"

"பிலிம் அறுந்தா ஒட்டுவேங்க. காமிராவைக் கழட்டி மாட்டுவேங்க."

"அதெல்லாம் கைவேலை. இதோ என் மருமான்," என்று மூலையில் உட்கார்ந்திருந்த ஓர் இளைஞரைக் காட்டினார். "தபால் மூலமாக லண்டன் சர்டிபிகேட் வாங்கியிருக்கிறான். காமிராவை இதுவரை தொட்டதில்லை. தொடாமலே எல்லாம் தெரியும். முறையான கல்வி என்பது அதுதான். எத்தனை அடி வேண்டும்?"

"நானூறு அடிங்க."

மேஜையைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு எழுந்தது. "பதினோராயிரம் அடி வரை கேட்கலாம். நாங்கள் குறைத்துக் கொடுப்போம். குறைவாகக் கேட்கிறவனுக்கு எப்படிக் குறைப்பது? எங்களுக்கு வேலை இல்லாமல் செய்யப் பார்க்கிறீரா?" என்றார் ராவ் பகதூர். "படத்தால் யுத்த முயற்சிக்கு என்ன லாபம்?"

இதற்குத் தேசப்பன் தயாராக வந்திருந்தான். "யுத்தக் கதைதாங்க. முருகன் சூரனோட சண்டை போட்டு ஜெயிச்சுப்புட்டு, எங்க மலைக்கு வந்துதான் கோவம் தணிஞ்சாரு. அதான் தணிகை."

"தணிந்தாரா? யுத்தம் நடக்கும்போதா?"

"ஆங்... சண்டை முடிஞ்சப்புறங்க."

"நம் சண்டை முடியவில்லையே. ஜனங்களைக் கோபமாக இருக்கச் சொல்லிச் சர்க்கார் லட்சம் நோட்டீஸ் ஒட்டுகிறது. நீர் தணியச் சொல்கிறீர். ஜெர்மனிக்காரன் தோற்கும்வரை அந்தச் சினம் தணிவதை ஒத்திவைக்க முடியுமா?"

"சாமியைத்தாங்க கேக்கணும்."

"கேட்டு எழுத்துமூலமாகத் தெரிவியும்," என்றார் ராவ் பகதூர். பிறகு விண்ணப்பத்தில் படத்தின் பெயரைப் பார்த்தார். முகம் கறுத்தது. 'முன்னூற்று அறுபத்தைந்து படி' என்று இருந்தது. இன்னொரு பேச்சுப் பேசாமல் தேசப்பனைப் போகச் சொல்லிவிட்டார்.

கார்த்திகை மாதம் சிவப்பு மையில் நோட்டீஸ் வந்தது. காகிதக் கட்டுப்பாடு கடுமையாக அமலில் இருக்கும்போது, மூன்று படி போதுமான இடத்தில் முன்னூற்று அறுபத்தைந்து படி தயாரித்தது ஏன் என்று போர்டு கேட்டிருந்தது. டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி போர்டு நேரில் வந்து ஒவ்வொரு படியாகச் சரிபார்க்கும். அதுவரை படிகள் யாவும் ஒரே இடத்தில், வரிசை கலையாமல் இருக்கவேண்டும். தவறினால் ஜெயில்.

தேசப்பன் நோட்டீசோடு வீட்டுக்கு ஓடினான். மணியம்மை நோட்டீசை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"வரிசையாத்தானே இருக்குது? யாரு கலைக்கப் போறா? வரச் சொல்லு பாவா. வந்து எண்ணிகினு போவட்டும்."

வந்தார்கள். ஐந்து பேரும் மருமானும் ரயிலிலிருந்து இறங்கி, ஜட்கா பிடித்து மலையடிக்கு வந்தார்கள். அங்கே ஜனம் தேர்க்கூட்டமாக நின்றது. "படிகள் எங்கே?" என்றார் ராவ் பகதூர். "இதாங்க," என்று தேசப்பன் அண்ணாந்து கை காட்டினான். ராவ் பகதூரும் அண்ணாந்து பார்த்தார். தலைப்பாகை பின்னால் விழுந்தது.

தப்பு நடந்துவிட்டது என்று அவருக்கு அப்போதே புரிந்திருக்கும். ஆனால் தப்பு என்று ஒப்புக்கொண்டு திரும்பிப் போக எந்த விதியும் இல்லை. மேலும் படிகளைப் பார்ப்பதாகச் சொல்லிப் பயணப்படி வாங்கியாகிவிட்டது. ஆகவே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஆய்வு தொடங்கட்டும்," என்றார்.

ஆய்வைப் படம் பிடிக்க ஆயிரம் அடி பிலிம் கொண்டுவந்திருந்தார்கள். போர்டு தனக்குத் தானே விண்ணப்பித்து, தானே அன்றைக்கே கொடுத்துக்கொண்டது. படி எதுவும் கேட்கவில்லை. காமிரா மட்டும் கொண்டுவரவில்லை. காமிரா வேறு இலாகாவாம். தேசப்பனின் காமிராவைச் சர்க்கார் காரியத்துக்காக வாங்கி மருமான் கையில் கொடுத்தார்கள். மருமான் அதை நாலு பக்கமும் மரியாதையாகப் பார்த்தார். பிறகு உச்சிவெயிலில் பிலிம் டப்பாவின் மூடியைத் திருகினார்.

"ஐயையோ, வெளிச்சம் பட்டா போச்சுங்க!" என்று தேசப்பன் பாய்ந்து டப்பாவைப் பிடுங்கித் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டான். ஆறு மாதமாக அவன் நடையாய் நடந்தது அந்தத் தகர டப்பாவுக்குள் இருந்தது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பிராக்டிகல் எங்கள் பாடத்தில் இல்லை," என்றார் மருமான்.

"யாராவது சுற்றித் தொலையுங்கள்," என்றார் ராவ் பகதூர்.

தேசப்பன் கம்பளிக்குள் தலையையும் கையையும் விட்டுக்கொண்டு பிலிமை மாட்டினான். வெளியே வந்து பார்த்தால் ராவ் பகதூர் டோலியில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

"அதுல குந்திகினா படத்துல உங்க மூஞ்சி விழாதுங்களே. ஆய்வு பண்றவரு நடந்துதான் ஏறணும். காமிராதான் டோலியிலே ஏறணும்."

படத்தில் முகம் விழாது என்றதும் ராவ் பகதூர் குதித்து இறங்கினார். தேசப்பன் காமிராவோடு டோலியில் ஏறினான். டோலி தூக்குகிற வீரபத்திரன் தோள் கொடுத்துக்கொண்டே, "இன்னா தேசப்பா, நல்ல காலோட இருக்கறவன் டோலியிலே குந்திகினு வர்றே?" என்றான்.

"நான் இல்லண்ணே. மணியம்மை வருது. குலுங்காம தூக்கு."

வீரபத்திரன் அடியை நிதானமாக எடுத்து வைத்தான்.

முதல் படியில் ராவ் பகதூர் காமிராவுக்கு நேரே நின்று, குனிந்து, படியை விரலால் தட்டிப் பார்த்து, "ஒன்று. சரி," என்றார். தேசப்பன் சுற்றினான். அடுத்த படிக்குப் போகலாம் என்றால் பாட்டு முடியவில்லை. ஒரு படிக்கு ஒரு பாட்டு. முந்த வழியில்லை, பின்னால் ஆயிரம் பேர், திரும்பவும் வழியில்லை. முருகனுக்கென்று எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்களைப் பார்த்துத் தனக்குத்தான் என்று ராவ் பகதூர் கை நீட்டினார்; யாரும் கொடுக்கவில்லை. நாற்பதாவது படிக்குமேல் அவர் வாய் எண்ணுவதை விட்டது. நூறாவது படிக்குமேல் ஐந்து பேரும் நெற்றியில் குங்குமத்தோடு, பாட்டுக்குத் தாளம் தட்டிக்கொண்டு வந்தார்கள்.

முதல் படிக்குப் பிறகு தேசப்பன் அவர்கள் பக்கம் காமிராவைத் திருப்பவே இல்லை. மஞ்சள் பூசுகிற கைகளைப் பிடித்தான். படிக்குப் படி ஏறுகிற கற்பூரப் புகையைப் பிடித்தான். கீழே சின்னதாகிக்கொண்டே போன குளத்தையும் ஊரையும், தன் வீட்டு வாசலையும் பிடித்தான். கடைசிப் படியில் ராவ் பகதூர் இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு, "முன்னூற்று அறுபத்தைந்து. சரி," என்றபோது, பிடிக்காவிட்டால் வம்பு என்று அதையும் பிடித்தான்.

வருஷம் பிறந்து ஐந்தாம் நாள் போர்டு தன் முடிவைச் சொன்னது. படிகள் முன்னூற்று அறுபத்தைந்தும் உண்மைப் படிகளே. முத்திரை இல்லை, மஞ்சள் குங்குமம் உள்ளது. அவை காகிதத்தால் ஆனவை அல்ல. தயாரித்தவர் யாரென்று தெரியாததால் மேல்நடவடிக்கை இல்லை. இரண்டாவது காகிதத்தில் தேசப்பனின் விண்ணப்பம் தள்ளுபடி என்று இருந்தது. காரணம்: விண்ணப்பதாரருக்குப் படம் பிடித்து முன் அனுபவம் இல்லை.

தை பிறந்தது. ஜெகநாதன் வந்து காமிராவை எடுத்துக்கொண்டு போனார். எறும்பு ஏறவில்லை என்று பாராட்டினார். தேசப்பன் மறுபடி கொட்டகையில் அறுந்த பிலிமை ஒட்ட உட்கார்ந்தான்.

மாசியில் கொட்டகைக்கு ஒரு டப்பா வந்தது. போர்டு தயாரித்த 'படிப்படியாக முன்னேற்றம்' என்ற படத்தை எல்லாக் கொட்டகையிலும் கட்டாயம் ஓட்டவேண்டும் என்று உத்தரவு. ஓர் அடிகூட வீணாகக் கூடாது என்பது விதி பதினொன்று. ஆகவே தேசப்பன் சுற்றிய அத்தனை அடியும் வெட்டாமல் அதில் இருந்தது. கூடவே ஒரு சீட்டு: 'படி ஒன்று அனுப்பப்பட்டுள்ளது. ஓட்டியபின் படியைத் தவறாமல் திருப்பி அனுப்பவும்.'

உத்தரவுப்படி ஒரு வாரம் ஓட்டினான். "இதோ, அஞ்சாமல் ஏறுகிறது போர்டு!" என்று ஒரு குரல் முழங்கியது, ஜனம் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வாரம் முடிந்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்தில், டிக்கெட் கொடுக்கும் முன்னால், மணியம்மையைக் கூட்டிவந்து மணல் தரையில் உட்காரவைத்தான். கத்தரியை எடுத்து வெட்ட வேண்டியதை வெட்டி ஒட்டியிருந்தான். குரலை நிறுத்திவிட்டுப் படத்தை மட்டும் விட்டான்.

மணியம்மை திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தாள். கோபுரம் வந்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. முடிந்து திரை வெளுத்த பிறகும் கையை இறக்கவில்லை.

"முன்னூத்தி அறுபத்தி மூணுதான் வந்துது பாவா. ரெண்டு படி எங்கே?"

"மொதல்லயும் கடைசியிலயும் ராவ் பகதூர் நின்னுகினு இருந்தாரு. வெட்டிட்டேன்."

"போவட்டும், நல்லதுதான். ஆமா, படம் ஏன் இப்படி ஆடி ஆடிப் போவுது?"

"டோலியிலே குந்தி எடுத்தேன்மே."

மணியம்மை வெறும் திரையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கடைசியிலே என்னையும் டோலியிலே ஏத்திட்டே," என்றாள். "இன்னொரு வாட்டி ஏத்து."

பங்குனியில் போர்டிலிருந்து சிவப்பு மையில் நினைவூட்டல் வந்தது. அனுப்பிய படி இன்னும் திரும்பி வரவில்லை. உடனே அனுப்பாவிட்டால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.

தேசப்பன் அந்தக் காகிதத்தை வாய்விட்டுப் படித்தான். பண்டிதருக்குப் படி என்றால் என்ன என்று அவனுக்கு இப்போது நன்றாகவே தெரியும். பஞ்சாட்சரத்துக்கு என்ன என்பதும் தெரியும். மணியம்மையிடம் ஒரு தலையணை உறையைக் கேட்டு வாங்கி, புழுங்கலரிசி ஒரு படி, தலை தட்டாமல், கூம்பாக அளந்து கட்டி ரயில் பார்சலில் அனுப்பினான்.

எட்டாம் நாள் ரசீது வந்தது. பஞ்சாட்சரத்தின் கையெழுத்து குண்டு குண்டாக இருந்தது: 'படி ஒன்று, நல்ல நிலையில் பெறப்பட்டது. இதுபோன்ற படிகளைப் போர்டு எப்போதும் வரவேற்கிறது.'